பக்கத்து மஞ்சள் கட்டம்

ஜனவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் வாலுவும் சௌக்கியம். உங்கள் முழங்காலும் காதும் எப்படி இருக்கின்றன? அண்ணியிடம் கேட்டால் "அப்பா நல்லா இருக்கார்" என்கிறார். அண்ணி எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார். போனில் உங்களையே கேட்கலாமென்றால், காய்ச்சல் இருக்கா என்றாலும் "ஆமாம்மா", இல்லையா என்றாலும் "ஆமாம்மா". அதனால் கடிதமே மேல்.

இங்கே பெரிய கூத்து நடக்கிறது. எங்கள் கல்லறைத் தோட்டம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. என் மேஜைக்குப் பின்னால் தொங்குமே, கரையான் பாதி தின்ற துணி வரைபடம், அதைக் கழற்றியாகிவிட்டது. சர்வே ஆட்கள் கையில் டேப்லெட்டோடு வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு கல்லறையையும் படம் பிடித்து எண் கொடுத்துவிட்டார்கள். ஆப்பில் பெயரை அடித்தால் போதும், வாசலிலிருந்து அதுவே வழி சொல்லும். அடக்கத்துக்கு நேரம் வாங்குவது, அமரர் ஊர்தி கூப்பிடுவது எல்லாம் இனி போனிலேயே. போன வருஷம் ஒரே குழிக்கு இரண்டு குடும்பங்கள் வந்து நின்று, அழுகையை நிறுத்திவிட்டுச் சண்டை போட்டார்களே, அந்த மாதிரி இனி நடக்காது. கண்காணிப்பாளர் என்ற பலகையை வைத்துக்கொண்டு அன்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அண்ணியிடம் சொல்லி உங்கள் போனிலும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மகனைப் பார்க்க வர முடியவில்லையே என்று வருத்தப்படுவீர்கள் அல்லவா? இனி படுத்தபடியே பார்க்கலாம். அவர் கல்லைச் சுற்றிப் புல் வெட்டியதும் நானே படம் எடுத்து ஏற்றியிருக்கிறேன்.

புது ஊர்தி வந்திருக்கிறது. அதற்குப் புது டிரைவரும் வந்திருக்கிறார். நிதானமாக ஓட்டுகிறார். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய நீங்கள்கூடக் குறை சொல்ல முடியாது.

மூட்டுக்குத் தைலம் தேய்க்கச் சோம்பல் படாதீர்கள்.

உங்கள் மருமகள்


ஜனவரி 24

அம்மாடி மருமகளுக்கு மாமாவின் ஆசிகள்.

நீயும் என் பேத்தியும் நலமாக இருப்பதில் சந்தோஷம். முழங்கால் மழைக்காலத்து கியர்பாக்ஸ் மாதிரி சத்தம் போடுகிறது. ஆனால் நகர்கிறது. இடது காது சுத்தமாக விடை வாங்கிக்கொண்டது. என்ஜின் பக்கம் இருந்த காது, என்ன செய்ய?

ஆப் வந்துவிட்டது. என் பையனையும் பார்த்தேன். புல் அழகாக இருக்கிறது. தினம் காலை டீ குடித்ததும் ஒருமுறை பார்க்கிறேன். உயிரோடு இருந்தபோது இத்தனை ஒழுங்காக அவன் முகத்தைப் பார்த்ததில்லை. நான் டிப்போவுக்குக் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். திரும்பி வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பான். இப்போதும் அப்படித்தான்.

ஒன்று கேட்க வேண்டும். அவன் கட்டம் சாம்பல் நிறம். பக்கத்தில் ஒன்று மஞ்சளாக இருக்கிறதே, அது என்ன?

அப்புறம், அந்த டிரைவர் வேகத்தடையில் பிரேக் போடுகிறாரா, கிளட்ச் அழுத்துகிறாரா என்று பார்த்து எழுது. டிரைவரின் குணம் அங்கேதான் தெரியும்.

உன் மாமா


பிப்ரவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதனால் பேச்சு ஒன்றும் குறையவில்லை.

சாம்பல் என்றால் ஆள் இருக்கும் இடம். பச்சை காலி இடம். மஞ்சள் முன்பதிவு. அது, அவரை அடக்கம் செய்த அன்று நீங்கள் எனக்காக எழுதி வாங்கிய இடம்தான் மாமா.

போன வாரம் முதல்முறையாக ஓர் அடக்கத்தை நேரலையில் காட்டினோம். இறந்த அம்மாவுக்கு ஒரே பெண், கடல் தாண்டி இருக்கிறாள். நிறைமாதம், விமானத்தில் ஏற முடியாது. ஆரம்பித்த உடனே போன் வைக்கும் ஸ்டாண்டு உடைந்துவிட்டது. டிரைவர்தான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசிவரை ஆடாமல் அசையாமல் நின்றார். முடிந்ததும் அந்தப் பெண் திரையில், "அண்ணே, நீங்க யாருன்னே தெரியல, ரொம்ப நன்றி" என்று அழுதாள். இவர் போனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் ரொம்ப நேரம் கையை உதறிக்கொண்டே இருந்தார்.

பிரேக்தான் போடுகிறார். முதலில் மெதுவாக, அப்புறம் இன்னும் மெதுவாக. வாலு பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது மழை என்றால் குடையோடு வாசலில் நிற்பதும் அவர்தான். இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம். என்ன வேலை என்று சொன்னதும் பெண் வீட்டார் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 3

மாமா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. என்ன காரியம் செய்தீர்கள்?

இன்று காலை அலுவலகத்தில் திரையைத் திறக்கிறேன். புது முன்பதிவு. வியாழன் காலை பத்து மணி, அடக்கம், அமரர் ஊர்தியோடு. இறந்தவர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயர். அப்பா பெயர் சரி, வயது சரி. மருத்துவச் சான்று கேட்ட இடத்தில் "பின்னர் இணைக்கிறேன்". எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கிளார்க் ஓடிவந்து தண்ணீர் தெளித்தார். அண்ணிக்கு அடிக்கிறேன், எடுக்கவில்லை. உங்களுக்கு அடிக்கிறேன், லைன் பிஸி. சாவு வீட்டில் போன் பிஸியாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது டிரைவர் உள்ளே வருகிறார், கையில் போன். "மேடம், வியாழக்கிழமைக்கு அட்ரஸ் கேக்கலாம்னு போன் பண்ணேன். செத்தவரே எடுத்துப் பேசுறார். காது மட்டும் கொஞ்சம் மந்தம்" என்கிறார்.

அழுகை நிற்காமலே சிரித்தேன் மாமா. முன்பதிவை ரத்து செய்தேன். காரணம் கேட்டது அந்த ஆப். "இறந்தவர் மறுத்துவிட்டார்" என்று போடலாமா என்று கிளார்க் கேட்டார்.

இனி அதில் எதையும் அழுத்தாதீர்கள். அம்மா அப்பா போன பிறகு, அவரும் போன பிறகு, எனக்குப் பெரியவர் என்று சொல்லிக்கொள்ள நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். அது எனக்கு இன்று காலைதான் உடம்பெல்லாம் புரிந்தது.

மருமகள்


மார்ச் 9

அம்மாடி,

நான் உயிரோடு சௌக்கியம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

என் மீது குற்றமில்லை. மகனைப் பார்க்கலாமென்று எதையோ தொட்டேன். பெயர் என்று கேட்டது. கேட்டால் சொல்ல வேண்டாமா? வயது கேட்டது. எந்த நேரம் வசதி என்று கேட்டது. காலை டீ, குளியல் எல்லாம் முடிய பத்தாகும் என்று பத்தைத் தொட்டேன். வண்டி வேண்டுமா என்றது. முழங்காலை நினைத்து வேண்டும் என்றேன். இவ்வளவு மரியாதையாக உன் அண்ணிகூட என்னை விசாரித்ததில்லை.

உன்னை அழவைத்தது மட்டும்தான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்த டிரைவருக்கு நல்ல தொண்டை. அவர் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. விலாசம் கேட்டார், சொன்னேன், வைத்துவிட்டார்.

பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா?

உன் மாமா


ஏப்ரல் 21

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். வாலுவுக்குப் பல் பாதி எட்டிப் பார்க்கிறது.

தலைக்கு மேல் வேலை. நகரத்தில் இடம் இல்லை. மஞ்சள் கட்டங்கள் மட்டும் ஏகப்பட்டவை இருக்கின்றன. பதிவு செய்தவர்களில் பலர் ஊரை விட்டே போய்விட்டார்கள். அதனால் நகராட்சி ஓர் உத்தரவு போட்டிருக்கிறது. முன்பதிவு செய்த எல்லோருடைய போனுக்கும் ஒரு செய்தி போகும். இடம் வேண்டுமா, வேண்டாமா என்று அதில் பதில் சொல்ல வேண்டும். ஜூலை கடைசிக்குள் பதில் வராத கட்டங்கள் தானாகப் பச்சையாகிவிடும். செய்தி புரியாதவர்களுக்கு நான் போன் செய்து விளக்க வேண்டும்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். ஒரு கணவனும் மனைவியும் பிரிந்து வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாக வந்து "வேண்டும்" என்று அழுத்திவிட்டுப் போனார்கள். இன்னோர் அம்மா, "இருந்தப்ப கேட்ட குறட்டை போதும்மா, அந்த இடத்த வேற யாருக்காவது குடு" என்று சொல்லிவிட்டார்.

உங்களுக்கும் செய்தி வரும். பதிவு உங்கள் கையெழுத்தில் இருப்பதால் உங்களுக்குத்தான் வரும். அவசரம் இல்லை. மெதுவாகப் பார்க்கலாம்.

வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள் மருமகள்


மே 2

அம்மாடி மருமகளுக்கு,

இங்கு எல்லோரும் நலம். தண்ணீர் குடிக்கிறேன், அதற்கான நடையும் நடக்கிறேன்.

செய்தி வந்தது. இன்னும் எதையும் தொடவில்லை. போன தடவை தொட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். டிரைவரைக் காணோமே. ஜனவரியில் நிதானமாக வந்தார், பிப்ரவரியில் பக்கம் பக்கமாக வந்தார், மார்ச்சில் போனோடு வந்தார். ஏப்ரலில் ஆளே இல்லை. வண்டி ரிப்பேரா?

சரி, அது கிடக்கட்டும். அந்தச் செய்திக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? உன் இடம் அது. உனக்கு என்ன தோன்றுகிறதோ சொல்லு, அதையே அழுத்துகிறேன்.

உன் மாமா


ஜூலை 8

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். நான் நலம்தான். வாலுவும் நலம். உங்கள் முழங்கால் தேவலையா?

வேலைதான் காரணம். மஞ்சள் கட்டங்கள் பாதிக்குமேல் முடிந்துவிட்டன. நேரலைக்கு நல்ல ஸ்டாண்டு வந்துவிட்டது. ஊர்தி எங்கே வருகிறது என்று இப்போது குடும்பத்தார் போனிலேயே பார்க்கலாம். வாசலில் நின்று தவிக்க வேண்டியதில்லை. புகார் எதுவும் வருவதில்லை, மேலதிகாரிகளுக்குச் சந்தோஷம்.

டிரைவர் நகரத்தின் அந்தக் கோடியில் உள்ள இன்னொரு தோட்டத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நானும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டேன்.

அந்தச் செய்திக்கு "வேண்டும்" என்றே அழுத்திவிடுங்கள் மாமா. வேறு என்ன இருக்கிறது?

உங்கள் மருமகள்


ஜூலை 15

அம்மாடி,

நலம் கேட்டு நலம் சொல்லும் வழக்கத்தை இந்த ஒரு கடிதத்தில் விட்டுவிடுகிறேன். நீ நலமாக இல்லை. அது உன் கடிதத்திலேயே தெரிகிறது. மேலதிகாரிகளுக்குச் சந்தோஷம் என்று எழுதுகிற பெண்ணா நீ?

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த டிரைவர் மார்ச்சிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் போன் செய்கிறார். "புக் பண்ணவர் உயிரோட இருக்காரானு பாத்தேன் ஐயா" என்பார். பேசுவோம். பழைய வண்டிகள், மேட்டில் ஸ்டார்ட் எடுப்பது, இப்படி. உன்னைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. அதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு டிரைவர் இத்தனை மாதத்தில் தன் கண்காணிப்பாளரைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை என்றால் விஷயம் பெரிது.

உன் கடிதம் வந்ததும் நானே கூப்பிட்டுக் கேட்டேன். "எம் மருமகள கட்டிக்கக் கேட்டியா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. காதுதான் போய்விட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தேன். அப்புறம் சொன்னார்: "கேட்டேன் ஐயா. அவங்க போனை எடுத்து மஞ்சக் கட்டத்தக் காட்டுனாங்க. என் இடம் அங்க இருக்கு, மாமா வாங்கிக் குடுத்ததுன்னாங்க. உங்க மனசு நோகும்னு அவங்க பயப்படுறாங்க. நான் தெனம் அவங்க கண்ணுல பட்டுகிட்டு இருக்க வேணாம்னுதான் மாத்தல் கேட்டேன்."

இப்போது நான் சொல்வதைக் கேள்.

அந்த இடத்தை வாங்கியபோது எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. என் பையன் தனியாகக் கிடப்பானே என்பதுதான் அது. இன்றும் அந்தக் கவலைதான். அதனால் "வேண்டாம்" என்று அழுத்த எனக்கு மனசு வரவில்லை. அழுத்தினால் முன்பின் தெரியாத ஒருவர் அவன் பக்கத்தில் வந்து படுப்பார். அவன் புது ஆட்களிடம் பேசவே மாட்டான், உனக்கே தெரியும். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று பேசினானா?

நீ சொன்னபடி "வேண்டும்" என்று அழுத்தவும் மனசு வரவில்லை. வாழ வேண்டிய பெண்ணுக்கு இப்போதே அங்கே இடம் எதற்கு?

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்த்தேன். அந்த இரண்டுக்கும் கீழே பொடி எழுத்தில் இன்னொன்று இருக்கிறது. "பெயர் மாற்று". நீ அதைப் பற்றி எனக்கு எழுதவே இல்லை. அழுத்தினேன். யாருடைய பெயர் என்று கேட்டது. இந்தத் தடவை தெரிந்தேதான் என் பெயரைப் போட்டேன்.

அவன் பக்கத்தில் நான் இருந்துகொள்கிறேன். அவன் வளர்கிற வயதில் நான் வண்டியிலேயே இருந்துவிட்டேன். அங்கே போய்ச் சாவகாசமாகப் பேசிக்கொள்கிறோம். உனக்கு இடம் வேண்டுமென்றால் பின்னால் எத்தனையோ பச்சைக் கட்டங்கள் வரும். அந்த டிரைவரோடு சேர்ந்து நிதானமாகத் தேடு. வேகத்தடையில் பிரேக் போடுகிறவன் கெட்டவனாக இருக்க மாட்டான்.

என் மனசு நோகுமா என்று பயந்தாயாமே. நோகத்தான் நோகும். அவன் இல்லை என்பது தினமும் நோகிறது. நீ தனியாக இருந்தால் அது குறைந்துவிடுமா?

இனி நாம் ஒருவரையொருவர் என்னவென்று கூப்பிடுவது என்று குழம்பாதே. மகள் என்று எழுதலாமா என யோசித்தேன். எனக்கு ஏற்கெனவே ஒரு மகள் இருக்கிறாள், அவளையே சமாளிக்க முடியவில்லை. நீ மருமகளாகவே இரு.

மாற்றல் தாளை உடனே திரும்ப வாங்கு.

உன் மாமா


ஆகஸ்ட் 19

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் வாலுவும் நலம். இந்தத் தடவை நிஜமாகவே.

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்திருக்கக் கூடாது. அழுத சத்தம் கேட்டுக் கிளார்க் மறுபடி தண்ணீரோடு வந்துவிட்டார். "மறுபடியும் உங்க மாமா புக் பண்ணிட்டாரா மேடம்?" என்றார். ஆமாம் என்று சொல்வதா இல்லை என்று சொல்வதா என்றே எனக்குத் தெரியவில்லை.

பெயர் மாற்றத்துக்கு ஒப்புதல் தர வேண்டியது கண்காணிப்பாளர். அதாவது நான். அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நாள் கணக்கில் ஒப்புதல் தராமல் வைத்திருந்தேன். கெடு முடிகிற அன்று சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, தந்துவிட்டேன்.

டிரைவரிடமும் சம்மதம் சொல்லிவிட்டேன். மாற்றல் தாளை அவரே திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டார். தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் வண்டியைக் கழுவ ஆரம்பித்து, கழுவிக்கொண்டே இருந்தார். வாலுவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நான் முன் சீட்ல உக்காரலாமா?" அந்த வண்டியில் மட்டும் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மாதம் பதிவுத் திருமணம். நாங்கள் இரண்டு பேர், வாலு, கிளார்க், சாட்சிக்கு அண்ணியும் நீங்களும். உங்களை அழைத்துவர அவரே வருகிறார், வாடகைக் காரில். அண்ணிக்கு நேற்று போன் செய்தேன். கொஞ்சம் அழுதார். அப்புறம் "அப்பா நல்லா இருக்கார்" என்றார்.

இன்று காலை வேலை தொடங்கும் முன் உங்கள் மகனிடம் போனேன். இந்த நான்கு வருஷத்தில் தினம் அந்தப் பக்கம் போயிருக்கிறேன், ஆனால் நின்று பேசியதில்லை. இன்று பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். டிரைவரைப் பற்றி, வாலுவைப் பற்றி, எனக்கு இருந்த பயத்தைப் பற்றி. "உங்கள மறக்கல, மறக்கவும் மாட்டேன்" என்று அவரிடம் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், புல் வெட்டுகிறவர் திரும்பிப் பார்த்தார்.

கிளம்பும்போதுதான் பக்கத்து இடத்தைப் பார்த்தேன். "உங்க அப்பா உங்களோட பேசணும்னு எடம் போட்டு வச்சிருக்கார். ஆனா அவர நான் இப்போதைக்கு அனுப்புறதா இல்ல. இன்னும் ரொம்ப வருஷம் நீங்க தனியாத்தான் இருக்கணும், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என்றும் உங்கள் மருமகள்